நீல வண்டி, பச்சை வண்டி, சாம்பிள் அக்கா

சாம்பிள் அக்கா கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பார். கேன்டீனில் தட்டு எடுத்தால் அடிப்பக்கம் பார்ப்பார். யாராவது புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தால், நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் முந்தானையைப் பிடித்து உள்பக்கத்தைப் புரட்டிவிடுவார். கல்யாணப் பத்திரிகை என்றால் எந்த அச்சகத்தில் அடித்தது என்று பின்பக்கத்தில் படித்த பிறகுதான் மாப்பிள்ளை பேரைப் படிப்பார். எங்கள் தையல் லைனில் ஒரு பெண்ணுக்கு நிச்சயமானபோது, அவள் மாப்பிள்ளையின் படத்தைக் காட்டப் போனை நீட்டினாள். அக்கா படத்தைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் போனைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். மாப்பிள்ளையின் முதுகு அங்கே தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ. அன்று முழுக்க நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே, "கவரு கீறல் வுட்டுக்கினு கீதுடி, மாத்து" என்று சொல்லிவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அவருடைய பேர் வருகைப் பதிவுக்கும் சம்பளச் சீட்டுக்கும் மட்டும்தான் பயன்பட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாங்கள் வேலை பார்த்தது கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனி. புதிதாக ஒரு கார் வரப்போகிறது என்றால் அதன் சீட் உறையை முதன்முதலில் தைத்துப் பார்ப்பவர் அவர்தான். அதற்கென்று கண்ணாடி போட்ட தனி அறை, தனி மெஷின். கார் கம்பெனிக்காரர்கள் வந்து அந்த முதல் உறையைச் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே லைனில் இருக்கும் பெண்கள் அதேபோலத் தைக்க ஆரம்பிப்பார்கள். அதனால் அவர் சாம்பிள் அக்கா. மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் அங்கே செக்கர். தைத்து வரும் உறைகளைத் திருப்பிப் போட்டு, நூல் தொங்குகிறதா, தையல் விலகியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆக, நான் சம்பளம் வாங்கிக்கொண்டு திருப்பிப் பார்ப்பவள், அவர் சும்மாவே திருப்பிப் பார்ப்பவர். இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்வேன். "உன் சம்பளத்துல பாதி எனக்குக் குட்றி" என்பார். மதியம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவர் டப்பாவில் மீன் இருக்கும், என் டப்பாவில் பெரும்பாலும் புளிச்சோறு இருக்கும். பாதியில் டப்பா கை மாறிவிடும்.

அவர் பழவேற்காட்டுப் பக்கம் ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவர். வீட்டுக்காரர் இன்னும் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தார். வலையில் மீன் விழுந்த நாளில்தான் அவரிடம் காசு. என் வீட்டுக்காரருக்கு இரும்பு உருட்டாலையில் வேலை. ஒரு நாள் பழுக்கக் காய்ந்த கம்பி திசை மாறி அவர் காலில் பாய்ந்தது. அதற்குப் பிறகு அவர் வீட்டோடு இருந்தார். மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, அந்தச் சம்பளமும் கான்ட்ராக்ட் சம்பளம். அக்காவும் கான்ட்ராக்ட்தான். எந்த மாதம் நிறுத்துவார்கள் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அக்கா எனக்குச் செய்தது நல்லதா கெட்டதா என்று ரொம்ப நாள் எனக்குப் புரியாமலே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு புதுக் கார் கம்பெனிகள் எங்களிடம் வந்தன. இரண்டும் நேற்று முளைத்தவை. ஒரு கார்கூட இன்னும் விற்றதில்லை. ஆனால் இரண்டும் ஆளுக்கொரு மின்சார எஸ்யூவி கொண்டுவரப்போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. கம்பெனிப் பேரை யாரும் வாயால் சொல்லக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. ஒரு கம்பெனியின் துணிக்கட்டுகளில் நீலச் சீட்டுக் கட்டியிருந்தது, இன்னொன்றில் பச்சைச் சீட்டு. அவ்வளவுதான், நீல வண்டி, பச்சை வண்டி என்று பேர் வைத்துவிட்டோம்.

பொன்னேரியிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் தினமும் இதே பேச்சு. எலக்ட்ரீஷியன் சதீஷ்தான் இதற்குத் தலைவன். போனில் வருகிற வீடியோ அத்தனையும் பார்த்துவிட்டு வந்து எங்களுக்கு ஒப்பிப்பான்.

"நீலத்துல மேல மொத்தமும் கண்ணாடிக்கா. படுத்துக்கினே வானத்தப் பாக்கலாம்."

"நம்ம ஊரு வெயில்ல வானத்த இன்னாத்துக்குடா பாக்கணும்?" என்பேன் நான்.

"பச்சைல இந்தக் கதவுலருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரே டிவிக்கா. ஒருவாட்டி சார்ஜ் போட்டா நெல்லூர் போய்ட்டுத் திரும்பி வந்துரலாமாம்."

"நெல்லூர்ல உனக்கு இன்னா வேல?"

"நீலத்துல மூணாவது வரிசை சீட்டு கீது. பெரிய குடும்பம்னா நீலம்தான். ஆனா பச்சை சீக்கிரம் சார்ஜ் ஏறுதாம். நாஷ்டா துன்னு முடிக்கிறதுக்குள்ள ஏறிடுமாம்."

"நீ துன்ற நாஷ்டாவா, நான் துன்றதா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். பஸ் சிரிக்கும். பிறகு பஸ்ஸே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். அந்த பஸ்ஸில் ஒருவருக்குக்கூட அந்த வண்டியை வாங்கும் வசதி கிடையாது. சைக்கிள் ஸ்டாண்டில் இருக்கும் ஸ்கூட்டிக்கே பலர் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் எந்த வண்டி ஓடும் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசரம் வாங்குகிறவர்களைவிட எங்களுக்கு அதிகம். காரணம் இருந்தது. சாம்பிள் முடிந்த பிறகு ஒரு கம்பெனிக்குத் தைக்கும் ஆள் இன்னொரு கம்பெனிக்குத் தைக்கக்கூடாது என்று இரண்டு பேருமே நிபந்தனை போட்டிருந்தார்கள். அதனால் எங்கள் கம்பெனி நடுவில் சுவர் வைத்து இரண்டு ஷெட் கட்டிக்கொண்டிருந்தது. யார் எந்த ஷெட்டுக்குப் போகிறோம் என்று நாங்களே சொல்ல வேண்டும். அந்த ஷெட்டின் வண்டி சாலைக்கு வந்து விற்க ஆரம்பித்துவிட்டால் கான்ட்ராக்ட் போய் நிரந்தர வேலை. வண்டி வராவிட்டால் ஷெட்டும் இல்லை, நாங்களும் இல்லை.

எல்லோரும் கடைசியில் அக்காவிடம்தான் வந்து நிற்போம். இரண்டு வண்டிக்கும் சாம்பிள் தைத்தவர் அவர் ஒருவர்தானே.

"நீங்களே சொல்லுங்கக்கா. நீலமா, பச்சையா?"

"ரெண்டுக்கும் நாலு சக்கரம்தான்டா" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

ஒரு நாள் கவரப்பேட்டை தாண்டி, ஒரு டீக்கடை வாசலில் உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கிறுக்கல் ஸ்டிக்கர் சுற்றிய வண்டி ஒன்று நின்றது. சோதனைக்காக ஓட்டிப் பார்க்கும் வண்டி. சதீஷ் "நீலம், நீலம்!" என்று கத்தினான். இன்னொருவர் பச்சை என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இடதுபக்க ஜன்னலுக்குத் தாவியதில் டிரைவர், "பேஜாரு பண்ணாதீங்கப்பா, வண்டி சாயப்போவுது" என்று கூப்பாடு போட்டார். அக்கா மட்டும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பஸ் அந்த வண்டியைத் தாண்டிப் போன பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "பம்பருக்கு அடியில டேப்பு ஒட்டிக்கினு கீது" என்றார். முன்பக்கம் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவே இல்லை.

நீல வண்டியின் சாம்பிள் அவரைப் படாத பாடு படுத்தியது. அதன் முன்சீட்டில் பக்கவாட்டில் காற்றுப்பை உண்டு. வண்டி எதிலாவது மோதினால் அந்த இடத்தில் உறையின் தையல் பிரிந்து பை வெளியே வந்து உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்ற வேண்டும். அதாவது அந்த ஒரு தையல் மட்டும் பிரிய வேண்டும் என்றே தைக்கிற தையல். அதற்கு நூலே வேறு, மெல்லிசு. இரண்டு முனையிலும் கெட்டித் தையல் போடவே கூடாது. அக்காவிடம் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அவரும் தலையாட்டினார். ஆனால் தையல் முடிகிற இடத்தில் மெஷினை முன்னும் பின்னும் ஓட்டி முடிச்சுப் போடுவது எத்தனையோ வருஷப் பழக்கம். அவர் மனது கேட்டாலும் கை கேட்கவில்லை. சோதனையில் பை வெடித்தது, தையல் பிரியவில்லை. பை வழி தெரியாமல் சீட்டின் முதுகைக் கிழித்துக்கொண்டு வந்தது.

நீலக் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினீயர் பெண் அந்த வீடியோவை அவருக்குப் போட்டுக் காட்டினாள். கோபமாக இல்லை, பொறுமையாகத்தான் சொன்னாள். "இங்க பாருங்கக்கா, உங்க முடிச்சு எவ்ளோ நல்லா புடிச்சிருக்கு. அதான் பிரச்சனை." அக்கா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். தன் தையல் ஒரு ஆளைக் கொன்றிருக்கும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அன்று டப்பாவைத் திறக்காமலே மூடினார்.

"இத்தினி வருசம் பிரியாம தை, பிரியாம தைன்னு உயிர வாங்குனாங்க. இப்ப பிரியற மாதிரி தைன்றாங்க" என்றார்.

அதோடு விடவில்லை நீலக்காரர்கள். உறையின் உள்பக்கம் துணி ஓரமெல்லாம் மடித்து, மேலே நாடா வைத்துத் தைக்க வேண்டும் என்றார்கள். தைத்துக் கொடுத்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி பிரிக்கச் சொன்னார்கள். "உள்ள யாருக்கா பாக்கப் போறாங்க?" என்றேன் நான். "பேஜாரு புடிச்ச வண்டிடி இது" என்று அவர் பல்லைக் கடித்தார். அந்த வாரங்களில் அவர் நீலத்தைத் திட்டாத நாளே இல்லை.

பச்சை வண்டியின் சாம்பிளோ முதல் தடவையே தேறிவிட்டது. பச்சைக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், சீட்டில் உறையை மாட்டிப் பார்த்தார்கள், ஆஹா என்றார்கள், போட்டோ எடுத்தார்கள், எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்துவிட்டுப் போனார்கள். உண்மையில் வெளியே பார்க்க பச்சை ரொம்ப அழகு. இரண்டு வண்ணத் தோல், மேலே தங்க நிற நூல். நான் அன்றே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். ஒன்று தலைவலி, இன்னொன்று லட்டு. அக்கா எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு உறையை மாட்டிப் பார்ப்பதற்காக இரண்டு வண்டிகளும் தார்ப்பாய் மூடி வந்தன. ஒரு நாள் ஒன்று, இன்னொரு நாள் மற்றது. உள்ளே போக அக்காவுக்கு மட்டும்தான் அனுமதி. கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்த சதீஷ் வந்து சொன்னான்: "அந்தப் பெரிய டிவிய ஒருவாட்டி திரும்பிக்கூடப் பாக்கலக்கா அவங்க. நேரா போய் சீட்டுக்கு அடியில படுத்துக்கினாங்க." வெளியே வந்தபோது அக்காவின் கோட்டு முதுகெல்லாம் அழுக்கு.

"எப்படிக்கா இருக்கு?"

"கையெழுத்து வாங்கிக்கினாங்கடி. சொல்லக் கூடாது."

"எனக்கு மட்டும் ஒரு வார்த்தை."

என் சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சரியா கழுவல" என்றார்.

ஷெட்டுக்குப் பேர் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. அன்று காலை பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க எதுல பேர் குடுக்குறீங்களோ அதுலதான் நானும்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஊர்ல அண்ணன் தம்பிய ஒரே படகுல ஏத்த மாட்டாங்க, தெரியுமா?" என்றார். "ஒரு படகு போச்சுன்னா ஊட்டுக்கு ஒரு ஆளாவது மிஞ்சணும்."

"நாம இன்னா, அக்கா தங்கச்சியா?"

"ஒரே டப்பால துன்றோம் இல்ல?"

அது ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மதியம் கேன்டீனில் ஹெச்.ஆர். அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் முறை வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "சார், என்னப் பச்சைல போட்டுக்கோங்க. இவள நீலத்துல போடுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதிகாரி என்னைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. லட்டை அவர் வைத்துக்கொண்டு தலைவலியை என்னிடம் தள்ளுகிறார். அத்தனை பேருக்கு முன்னால் கெஞ்சுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. வந்த கோபத்தில், "எழுதிக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

சுவர் எழும்பியது. இரண்டு ஷெட்டுக்கும் கேட் தனி, பஸ் தனி, சாப்பாட்டு நேரம் தனி. அக்காவும் நானும் ஒரே காம்பவுண்டில் இருந்துகொண்டே பார்த்துக்கொள்ளாமல் போனோம். நான் அங்கே நீல உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, அது போல உள்பக்கம் உள்ள உறையை நான் என் வேலையில் பார்த்ததில்லை. ஓரங்கள் மடிந்து, நாடா நேராக ஓடி, ஒரு பிசிறு இருக்காது. வெளிப்பக்கம்தான் சாதாரணச் சாம்பல் நிறம். இதை எந்த வீடியோவிலும் யாரும் சொல்லப்போவதில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

கவலைப்பட்டது சரியாகப் போயிற்று. நீலக் கம்பெனிக்குப் பணம் போட்டவர்கள் பின்வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. முதலில் வாரத்தில் இரண்டு நாள் வேலை இல்லை என்றார்கள், பிறகு இரண்டு நாள்தான் வேலை என்றார்கள். கடைசியில் மெஷின்களை லாரியில் ஏற்றினார்கள். நீல வண்டி ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை. அதே நேரம் நெடுஞ்சாலையில் பச்சை வண்டியின் விளம்பரப் பலகை பெரிதாக நின்றது. பச்சை ஷெட்டை இன்னும் நீளமாக இழுத்துக் கட்டினார்கள். அக்காவுக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டதாகச் சதீஷ் சொன்னான்.

கடைசி நாள் கணக்கு முடித்து வெளியே வரும்போது அந்தப் பக்கத்துக் கேட்டில் அக்கா நின்றார். என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை இன்னதென்று சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

"பாவம், அவங்களுக்கு மட்டும் இன்னா தெரியும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டு வண்டியையும் உள்ள போய்ப் பாத்தது அவங்க ஒருத்தருதான். தெரியாம எப்படி இருக்கும்?"

  பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஒரு குடோனில் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிற பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க விடமாட்டார்கள். அக்காவின் நம்பர் போனில் அப்படியே இருந்தது. அழிக்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. கோபம் மெல்லக் குறைந்தாலும் கேள்வி மட்டும் போகவில்லை. லட்டு எது என்று தெரிந்தவர், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர், எதற்காக என்னை அந்தப் பக்கம் தள்ளினார்?

இந்த வருஷம் வீட்டுக்காரரின் காலைக் காட்டத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் கால் நீட்ட முடியாது என்று வாடகைக் கார் சொன்னோம். வாசலில் வந்து நின்றது பச்சை வண்டி. இரண்டு வண்ணத் தோல், தங்க நிற நூல், கதவுக்குக் கதவு டிவி. மகள் குதித்துக்கொண்டு ஏறினாள். வீட்டுக்காரர் முன்சீட்டில் கால் நீட்டிக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"சத்தமே வராது பாருங்கக்கா" என்றார் டிரைவர். "இதுக்குப் போட்டியா இன்னொண்ணு வர்றதா இருந்துச்சு. வந்திருந்தா ரெண்டையும் பாத்துட்டு வாங்கியிருப்பேன். அது வரவே இல்ல."

பெரியபாளையம் தாண்டும்போது என் கை தன்னால் கீழே போனது. முன்சீட்டின் முதுகு உறை அடியில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை போட்டு மூடியிருக்கும். அதைப் பிரித்து விரலை உள்ளே விட்டேன்.

"காசு வுழுந்துச்சாக்கா? நிறுத்தட்டுமா?" என்றார் டிரைவர்.

"இல்லப்பா, நீ ஓட்டு."

உள்ளே நாடா இல்லை. ஓரம் மடிக்கவில்லை, வெட்டியது வெட்டியபடி கிடந்தது. நூல்கள் அறுக்காமல் கொத்தாகத் தொங்கின. சில இடத்தில் தையல் ஓரத்துக்கு ரொம்ப நெருக்கத்தில் ஓடியிருந்தது, இன்னும் கொஞ்ச நாளில் விட்டுவிடும். பக்கவாட்டில் தடவிப் பார்த்தேன். காற்றுப்பைக்கான தையலே அங்கே இல்லை. இந்த வண்டியின் உள்பக்கத்தை என் விரல் தொட்டது அதுதான் முதல் தடவை. நீலத்தின் உள்பக்கம் எனக்கு மனப்பாடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அக்கா அன்றே பார்த்துவிட்டார்.

அப்படியென்றால் இரண்டில் எது நல்லது என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் நல்லதில் என் பேரைச் சொல்லியிருக்கிறார். நூல் தொங்குவதைத் தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் கணக்கில் மூழ்கப்போகிற படகு இதுதான். தைரியமாக அதில் ஏறியிருக்கிறார். நல்ல தையல் போட்ட வண்டிதான் ஓடும் என்று எங்களைப் போல் தைக்கிற ஆட்களைத் தவிர உலகத்தில் யார் நினைப்பார்கள்?  மகள், "ஏம்மா அழுவுற?" என்று கேட்டாள். அடக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டதும் நான் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து அந்த நம்பரை அழுத்தினேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"நான்தாங்க்கா. செக்கர்."

 "இன்னாடி" என்றார்.

"பச்சை வண்டில வந்தேன்க்கா."

"குந்தினியா?"

"குந்தினேன்."

"அடியில கைய வுட்டியா?"

"வுட்டேன்."

"அப்போ தெரிஞ்சிருக்கும்." மெஷின் சத்தம் நின்றது. தள்ளிப் போய்ப் பேசுகிறார் என்று புரிந்தது.

"ஏன்க்கா அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லல? அந்த கேட்டாண்ட மூஞ்சத் திருப்பிக்கினு போனீங்களே."

"இன்னாத்த சொல்றது? நல்ல வண்டின்னு நெனச்சி நான்தானே உன்ன ஏத்தி வுட்டேன். அது கரையிலயே உடைஞ்சிடுச்சு. நான் ஏறுனது ஜம்முனு போவுது. எந்த மூஞ்ச வெச்சுக்கினு உன்னப் பாக்கச் சொல்ற?" குரல் உடைந்தது. அவர் அழுது நான் கேட்டதே இல்லை.

"உங்களுக்கு மட்டும் வேல வேணாமா? மாமா ஏரிக்குத்தானே போறாரு."

"எனக்கு மெஷின் தெரியும்டி, எங்கனா போய்த் தச்சிப்பேன். நீ அப்போ ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் ஓடிக்கினு இருந்த."

 மூக்கை உறிஞ்சிவிட்டு, "இப்போ எங்க கீற?" என்றார். குடோனைச் சொன்னேன்.

"ஸ்டிக்கர் ஒட்றியா? தூ! இங்க செக்கருக்கு ஆள் எடுக்குறாங்க. உள்பக்கம் மடிச்சித் தைக்கலாம் சார்னு நானும் சொல்லிக்கினே கீறேன். உள்ள யாரு பாக்கப் போறாங்கன்னு கேக்குறாங்க, உன்ன மாதிரியே. ஆனா இப்போ நூல் பிரியுதுன்னு வண்டிங்க திரும்பி வர ஆரம்பிச்சிடுச்சு. நீ வா. வந்து திருப்பிப் போட்டுப் பாத்து, சரியில்லாதத தள்ளு."

"ஒரே படகுல ஏறக் கூடாதுன்னீங்களே?"

"அது கடலுக்குடி" என்றார். கொஞ்சம் யோசித்து, "பக்கத்துல ஆள் இல்லாம துன்ன முடியல" என்றார்.

அடுத்த மாதம் சேர்ந்தேன். முதல் நாள் காலை கேட்டிலேயே எனக்காக நின்றுகொண்டிருந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. அலுவலகத்தில் கொடுத்த புது அடையாள அட்டையை அவரிடம் நீட்டினேன். அவர் கைக்கு எது போனாலும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமே, சிரிப்பதற்குத் தயாராக இருந்தேன். அக்கா அட்டையை வாங்கினார். அதில் இருந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் அதைத் திருப்பாமலே என் கழுத்தில் மாட்டிவிட்டார்.